வெள்ளிக்கிழமை மீக்கடத்தி விளக்கம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு, ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளி மண்டபத்தில் மீக்கடத்தி பற்றிய செய்முறை விளக்கம் நடக்கும். மிகவும் குளிர வைத்தால் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி. பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் முன்னாள் மாணவர்கள் திரவ நைட்ரஜன் கொண்டு வருகிறார்கள். பாடத்திட்டத்தில் இல்லாதது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கேமர்லிங் ஓன்னஸ் என்ற இயற்பியலாளர் பாதரசத்தைக் குளிர வைத்து மின்தடையை அளந்துகொண்டிருந்தார். மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அருகே தடை சட்டென்று இல்லாமல் போனது. தடை இல்லையென்றால் கம்பி சூடேறாது. ஆகவே பலமான காந்தம் செய்துவிடலாம் என்று நம்பினார். முடியவில்லை. காந்தப்புலம் கொஞ்சம் ஏறியதுமே ஈயமும் பாதரசமும் அந்தத் தன்மையை இழந்தன. 1961இல்தான், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், நையோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த கம்பி 8.8 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை தாங்கியது. நடுவில் ஐம்பது ஆண்டுகள்! ஒரு கணக்கு வரவில்லையென்றால் உடனே பென்சிலைக் கீழே வைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஐம்பது ஆண்டுகளைச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

ஈப்போவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனவர்கள் அந்தக் குழாய்க்குள் படுத்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் நையோபியம்–டைட்டேனியம் மீக்கடத்திக் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தின் குளிரில் இருக்கிறது.

ஹீலியம் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் 1986இல் சூரிக் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் புதுவகைப் பீங்கான் மீக்கடத்தியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த வகையில் ஒன்று மைனஸ் 180 டிகிரியிலேயே வேலை செய்தது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, அது போதும். ஐம்பது காசு அளவுள்ள கறுப்பு வில்லையின் மேல் சிறு காந்தம் ஒன்று அந்தரத்தில் நிற்கும். லேசாகத் தட்டிவிட்டால் சுழலும். வில்லை சூடாகச் சூடாகக் காந்தம் மெல்ல இறங்கிவிடும்.

சரி, சில முக்கியமான விஷயங்கள். சிலிப்பர் வேண்டாம், மூடிய காலணி கட்டாயம். திரவத்தை மாணவர் யாரும் தொட மாட்டார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தயவுசெய்து முன்வரிசையைத் தவிர்க்கவும்.

நீங்களும் வாருங்கள். ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வேலை உடையிலேயே வந்தாலும் பரவாயில்லை, நாற்காலி போட்டு வைக்கிறோம். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டு புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்