உயிர்ப்பாறை விற்கும் கொங்கு நாட்டு வண்ணமீன் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர் வட்டாரங்களில் வண்ணமீன் கடை நடத்திவரும் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன், உங்கள் வாடிக்கையாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்தெடுத்த, நுண்ணுயிர்கள் குடியேறிய பவளக் கல்லை ‘லைவ் ராக்’ (உயிர்ப்பாறை) என்று வாங்கி விற்பவர்கள் அதை நிறுத்திவிட்டு, நுண்ணுயிர் ஏற்றிய செயற்கைப் பாறையைத் தங்கள் கடையிலேயே தயாரித்துத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கடல்நீர்த் தொட்டிக்குப் பாறை எவ்வளவு தேவை என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன். மீன்களின் கழிவும் மிஞ்சிய தீனியும் உண்டாக்கும் அமோனியா, சிறிதளவு சேர்ந்தாலே கடல்மீனைக் கொன்றுவிடும். பாறையின் மேற்பரப்பில் குடியேறிய பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உட்துளைகளில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. நல்ல பாறை, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு ஸ்கிம்மர், நீரோட்டம் தரும் மோட்டார் ஆகியவற்றை மட்டுமே நம்பி இயங்கும் பெர்லின் முறை இந்த அடிப்படையில் எழுந்ததுதான். ஆனால் இவ்வளவு வேலையையும் செய்யும் பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படுவது துளைகள் நிறைந்த ஒரு பரப்பு மட்டுமே. அது பவளத்தின் எலும்புக்கூடாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

புதிதாகக் கடலில் எடுத்த கல்லை வைத்தால் தொட்டி உடனே தயாராகிவிடும் என்று வாங்குவோரிடம் சொல்லப்படுகிறது. கடற்கரையிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி இரவெல்லாம் பயணம் செய்து நம் ஊரில் இறங்கும் கல்லில், கடற்பஞ்சுகளும் புழுக்களும் சிறு சிப்பிகளும் பெருமளவு செத்துப்போயிருக்கும். அவை அழுகுவதால் அமோனியா ஏறும். சித்திரை, வைகாசி வெயிலில் அழுகல் இன்னும் விரைவாக நடக்கும். அந்தக் கல்லை உப்புநீர்த் தொட்டியொன்றில் தனியே போட்டு, காற்று செலுத்தி, தண்ணீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் பதப்படுத்தாமல் மீனோடு சேர்க்க முடியாது. ஆக, மிச்சமாகும் என்று சொன்ன காலத்தில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிடுகிறது. துளைக்குள் ஒளிந்து வரும், மீனை வேட்டையாடும் மாண்டிஸ் இறாலும், வேகமாகப் பெருகிக் கொட்டும் ஐப்டேசியா என்ற கடல் அனிமோனும் தொட்டிக்குள் புகுந்துவிட்டால் அவற்றை ஒழிக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பல்லாண்டுக் காலம் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எஞ்சியிருந்த பவளங்களை 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல்வெப்பம் வெளுக்கச் செய்தது. கனத்த பவள இனங்கள் பல ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. எனவே ஒரு தொட்டிக்கான கல்லை ஈடுகட்டக் கடலுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். செத்த கல்தானே என்று எண்ணவும் இடமில்லை. இளஞ்சிவப்புப் பாசி படர்ந்த அந்தப் பழங்கல்லின்மேல்தான் பவளத்தின் இளம்புழுக்கள் வந்து ஒட்டிப் புதிய கூட்டங்களாக வளர்கின்றன.

பாறை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பெயர்த்தெடுத்து விற்கும் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டுக் கல் என்று சொல்லி விற்பவர்கள், பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையான சைட்டீஸின்படி பெற்ற அனுமதிச் சீட்டை, கேட்பவருக்குக் காட்ட வேண்டும்.

மாற்றுக்கு வழியில்லாத ஊர் அல்ல நம்முடையது. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது படிகத் தன்மை கொண்டது, துளைகள் குறைவு என்பதால் இந்த வேலைக்கு ஏற்றதன்று. சிமெண்டோடு நொறுக்கிய சிப்பி ஓட்டையும் கல்லுப்பையும் கலந்து வார்த்தால், உப்பு கரைந்தபின் துளைகள் நிறைந்த பாறை கிடைக்கும். அதன் காரத்தன்மை இறங்கும்வரை நன்னீரில் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகலாம் என்பதால் அவசரப்படக் கூடாது. துளையுள்ள சுட்ட பீங்கான் பாறையும் பயன்படும். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கலவை சேர்த்து, நன்கு முதிர்ந்த தொட்டியின் வடிகட்டியிலிருந்து பஞ்சோ செராமிக் வளையமோ எடுத்துப் போட்டு, மீன் விடாமல் பாக்டீரியாவுக்கு உணவாகச் சிறிது அமோனியா கொடுத்துவந்தால், பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்களில் பாறையில் பாக்டீரியா நிலைபெற்றுவிடும். வீட்டில் செய்யும்போது நீளும் இந்தக் காத்திருப்பை, கடையில் ஒரு பெரிய தொட்டி வைத்து நீங்களே ஏற்றுக்கொள்ளலாம்.

இப்போது கையிருப்பில் உள்ள கல்லைக் கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டாம். பல நாட்டு மீன்களோடு இருந்த கல் நோயையும் அயல் உயிர்களையும் சுமந்து செல்லும். வளர்ப்புக்கென்று வந்த கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுக் கடற்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளங்களை மூடிப் படர்ந்ததை நாம் மறக்கலாகாது. அக்கல்லை என்ன செய்வதென்று வனத்துறையிடம் நேரில் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படைத்துவிடுங்கள்.

இனி விற்கும் ஒவ்வொரு பாறைக்கும் அது எதனால் ஆனது, எங்கே தயாரானது, எத்தனை வாரம் நுண்ணுயிர் ஏற்றப்பட்டது என்று ரசீதில் எழுதித் தாருங்கள். அந்த உழைப்புக்கு உரிய விலை கூடுதலாக இருந்தாலும் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். என்னைப் போன்ற வளர்ப்பாளர்களிடமும் அதையே கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு கடல்நீர்த் தொட்டி வளர்ப்பாளன்