முரசில் கசியும் இரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல் துலக்கும்போது முரசில், அதாவது பல் ஈறில், இரத்தம் கசிந்தால் அந்த இடத்தில் பிரஷ் படாமல் தவிர்க்கும் பழக்கம் நம்மவரிடையே உள்ளது. வாயின் நிர்ப்பீடனத் தொகுதி (நோயெதிர்ப்பு அமைப்பு) இயங்கும் விதத்தை அறிந்தவர் அவ்வாறு செய்யமாட்டார்.

நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லீற்றர் வரை சுரக்கும் உமிழ்நீர் உணவை நனைப்பதற்கு மட்டுமானதன்று. பற்றீரியாக்களின் கலச்சுவரைச் சிதைக்கும் லைசோசைம் என்ற நொதியமும், கிருமிகள் வாயின் உட்பரப்பில் ஒட்டாமல் தடுக்கும் ஐஜிஏ (IgA) என்ற பிறபொருளெதிரியும் (கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) அதில் கலந்துள்ளன. பல்லும் முரசும் சந்திக்கும் நுண்ணிய இடைவெளியூடாக, நோயற்ற வாயிலும்கூட, வெண்குருதிக் கலங்கள் இடைவிடாது வெளியேறிக் காவல் புரிகின்றன. அங்கே அழுக்குப் படலம் அகற்றப்படாது தேங்கும்போது அழற்சி மூண்டு, குருதிக் கலன்கள் விரிந்து, இலேசான தொடுகைக்கே இரத்தம் கசிகிறது. அது நீடித்தால், கிருமிக்கு எதிராக எழுந்த எதிர்வினையே பல்லைத் தாங்கும் என்பையும் கரைக்கத் தொடங்குகிறது.

புகைப்பவருக்குக் கசிவு குறைவாகவே தென்படும் என்பதால், தம் முரசு நலமாக உள்ளதென்று அவர் எண்ணி ஏமாறுவதுண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு முரசு நோய் விரைந்து முற்றுவதோடு, இரத்தத்தில் சீனியின் அளவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஆகவே யாழ்ப்பாண மாவட்டத்தின் நீரிழிவு கிளினிக்குகளில் பாதங்களைப் பரிசோதிக்கும் வேளையில் வாயையும் பரிசோதித்து, தேவையானோரைப் பல் வைத்தியரிடம் அனுப்பும் ஒழுங்கைச் சுகாதாரத் துறையினர் உறுதிப்படுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
கோண்டாவில்.