தூண்களை மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையிலுள்ள ஜயன்ட்ஸ் காஸ்வே பற்றித் தங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரை, அங்குள்ள ஏறத்தாழ 40,000 பசால்ட் (எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை) தூண்களின் அழகை நன்றாகவே வருணித்திருந்தது. 1986-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததையும் குறிப்பிட்டிருந்தது. ஆனால் தூண்களைப் பிரிக்கும் வெடிப்புகள் நிலநடுக்கத்தால் உண்டானவை என்று அதில் எழுதியிருப்பது தவறு. அத்தூண்கள் பிறந்த கதைக்குச் சான்றாக, அவற்றின் பின்னே செங்குத்தாக நிற்கும் கடலோரப் பாறைமுகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது அதைவிடப் பெரிய குறை.

அந்தப் பாறைமுகத்தைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். அடியில் இருப்பவை, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வட அட்லாண்டிக் பெருங்கடல் உருவாகத் தொடங்கிய காலத்தில், நிலத்தின் பிளவுகள் வழியே வழிந்த எரிமலைக் குழம்பின் அடுக்குகள். அவற்றின்மேல் செந்நிறப் பட்டை ஒன்று நீண்டு செல்கிறது. எரிமலைச் சீற்றம் நெடுங்காலம் ஓய்ந்திருந்தபோது, வெப்பமும் மழையும் மிகுந்த சூழலில் பசால்ட்டின் மேற்பரப்பு சிதைந்து, இரும்பு மிகுந்த செம்மண்ணாக மாறியதன் எச்சம் அது. நம் ஊர்ச் செம்பூராங்கல் உருவாவதும் இதே வகைச் சிதைவால்தான் என்பதை எழுதியிருந்தால், தமிழ் வாசகருக்கு அந்தக் கரை எவ்வளவு நெருக்கமாகியிருக்கும்! அந்த ஓய்வுக்காலத்தில் ஆறு அரித்த பள்ளத்தாக்கில் அடுத்த குழம்பு ஆழமாகத் தேங்கி, மெல்ல ஆறிச் சுருங்கியபோது விழுந்த வெடிப்புகளே தூண்களைப் பிரித்தன. அங்கே பாறை விலகியதேயன்றி, மேலும் கீழுமாக நகரவில்லை.

பாறை நகர்ந்த இடங்களும் அதே கடற்கரையில் உள்ளன. பசால்ட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய, அதைவிடப் பழைய வெண்ணிறச் சுண்ணப்பாறை, ஜயன்ட்ஸ் காஸ்வேயில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே அது கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. சற்றுக் கிழக்கே போர்ட்பிராடன் என்னும் சிற்றூரை அடைந்தால், வெண்பாறையும் கரும்பாறையும் ஒரே மட்டத்தில் அருகருகே நிற்பதைக் காணலாம். ஒரு பக்கத்து நிலம் பிளவுத்தளம் வழியே கீழிறங்கியதால் நேர்ந்தது இது. பிளவுப்பெயர்ச்சி என்றால் என்ன என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

பாறைமுகம் இன்றும் நிலைத்து நிற்பதில்லை என்பதையும் பயணம் செய்வோர் அறிய வேண்டும். கடினமான தூண் அடுக்குக்கு அடியில் நொய்ந்த செம்மண் அடுக்கு இருப்பதாலும், வெடிப்புகள் வழியே மழைநீர் இறங்குவதாலும் அங்கே சரிவுகள் ஏற்படுகின்றன. இதனால்தான் கீழ்ப்பாதையின் ஒரு பகுதி நடப்பவர்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. பாறைமுகத்தின் அடியில் அமர்ந்து படம் எடுக்கலாம் என்று கட்டுரை பரிந்துரைத்ததைத் தாங்கள் திருத்தி வெளியிட வேண்டும்.

மேலும் ஒரு வேண்டுகோள். கர்நாடகத்தில் மல்பே கடற்கரைக்கு அப்பாலுள்ள செயின்ட் மேரீஸ் தீவுகளிலும் இத்தகைய எரிமலைத் தூண்கள் உள்ளன. மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்த காலத்தோடு அவற்றைப் புவியியலாளர்கள் தொடர்புபடுத்துகின்றனர். அவற்றைப் பற்றி, களம் அறிந்த புவியியலாளர் ஒருவரைக் கொண்டே ஒரு கட்டுரை எழுதச் செய்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.