குப்பியைத் திறந்த கைகளுக்கு நன்றி

தட்டம்மை பரவிய நாட்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட அனைவருக்கும் வணக்கம்.

நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மீண்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. கடைசியாகப் படுத்த பிள்ளையும் தேறிவிட்டது என்று கேள்விப்பட்ட கையோடு இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் செவிலியர் அம்மாவுக்கு. அப்போது என் மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்திருந்தது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் கரைந்துபோகும் வயது அது. தடுப்பூசி நாள்வரை காத்திருக்கப் பொறுக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். வேறு பிள்ளை ஒன்றுகூட அங்கே இல்லை. பத்துப் பேருக்குப் போடக்கூடிய குப்பி. மருந்தைக் கலந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைப் பயன்படுத்தக் கூடாது. "நாலு பிள்ளைகள் சேரட்டும், பிறகு வா" என்று அவர் சொல்லியிருந்தால் மறுபேச்சின்றித் திரும்பியிருப்பேன். அவரோ, "ஒரு பிள்ளைக்கென்றாலும் திறக்கத்தான் வேண்டும், உட்கார்" என்றார். கலந்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதி, ஊசியைப் போட்டு, என் மகளைக் கவனித்தபடியே பதிவேட்டைப் புரட்டித் தவணை விட்டுப்போன பிள்ளைகளின் வீடுகளைக் குறித்துக்கொண்டார். பிறகு குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேரம் முடிவதற்குள் அந்த வீடுகளைத் தேடி வெயிலில் நடந்தார்.

ஒன்பதாம் மாதத்தில் போடும் முதல் தவணை நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 85 பேருக்கே காப்பளிக்கிறது என்பதையும், மற்றவர்களுக்காகவே இரண்டாம் தவணை கட்டாயம் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் 2 மணி நேரம்வரை தங்கக்கூடிய கிருமி இது. நூற்றுக்கு 95 பேராவது இரு தவணையும் பெற்றிருந்தால்தான் ஊசி போடும் வயதை எட்டாத சிசுக்களை அது நெருங்காமலிருக்கும். சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் அந்த எண்ணிக்கையை எட்டுவது இப்படிப்பட்டவர்கள் வீடு வீடாக நடப்பதால்தான்.

நோயுற்ற பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் தவறாமல் வைட்டமின் ஏ கொடுத்த மருத்துவர்களுக்கும், இரவென்றும் பாராமல் வண்டி ஓட்டியவர்களுக்கும், தயங்கிய குடும்பங்களிடம் பொறுமையாகப் பேசிய ஆசிரியர்களுக்கும் என் நன்றி.

அடுத்த தடுப்பூசி நாளிலிருந்து, பதிவேட்டைச் சுமந்துகொண்டு செவிலியர் அம்மாவுடன் நானும் வீடு வீடாக வருவேன். அட்டையில் இரண்டாம் தவணை விடுபட்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பிள்ளையை அழைத்துப்போக ஆளில்லையென்றால் நானே உடன் வருகிறேன்.

நன்றியுடன்,
ஒரு தாய்