ஆர்சனலின் ஜாம்பவான்கள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

லண்டன் கால்பந்து கிளப் ஆர்சனலின் ஜாம்பவான்கள் என்று நீ அனுப்பிய பத்துப் பேர் பட்டியலைப் படித்தேன். ஹென்றி, ஆடம்ஸ், பெர்க்காம்ப், வியரா, இயன் ரைட், ஓலேரி, பிரேடி, பிரெஸ், ஆஷ்லி கோல், வான் பெர்சி. மெனக்கெட்டுத்தான் போட்டிருக்கிறாய். ஓலேரி 722 ஆட்டம், ஹென்றி 228 கோல், ரைட் 185, வான் பெர்சி 132 என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் கணக்கு வேறு. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் டேவிட் ரோகாஸில் எங்கே? மைக்கேல் தாமஸ் எங்கே? அந்த இருவருக்கும் இடமில்லாத பட்டியலில் வான் பெர்சி உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் வான் பெர்சியைப் பேசிவிடுவோம். அவர் ஆட்டத்தை ரசித்தவன் நான். 2011 டிசம்பரில் கிளப்புக்கு 125 வயது. கிளப்பின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே பழைய மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், டோனி ஆடம்ஸ், தியரி ஹென்றி மூவருக்கும் சிலை திறந்தார்கள். தன் சிலையைப் பார்த்து ஹென்றி கண்ணீர் விட்டார். மறுநாள் எவர்ட்டனுடன் ஆட்டம். அப்போது கேப்டன் வான் பெர்சி. இரண்டாம் பாதியில் அலெக்ஸ் சாங் டிஃபெண்டர்களின் தலைக்கு மேலே ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். தோளுக்குப் பின்னாலிருந்து இறங்கிய அந்தப் பந்தைத் தரையில் படவிடாமல் இடது காலால் அப்படியே அடித்தார் வான் பெர்சி. அந்த ஒரு கோல்தான் வெற்றியைத் தந்தது. அந்தச் சீசனில் லீக்கில் மட்டும் அவருக்கு 30 கோல். அடுத்த சிலை யாருக்கு என்று அன்று யாரிடம் கேட்டிருந்தாலும் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எட்டே மாதம். 2012 ஆகஸ்டில் அவர் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர். அதற்கு முன் ஜூலையில், கிளப் போகும் பாதை எனக்கு உடன்பாடில்லை, ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன் என்று தன் இணையதளத்திலேயே அறிக்கை விட்டார். காயத்தோடு அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த சீசன்களில் எல்லாம் காத்திருந்த கிளப் அது. 2013 ஏப்ரலில் லீக் சாம்பியனாக யுனைடெட் எமிரேட்ஸுக்கு வந்தபோது, ஆர்சனல் ஆட்டக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டி வரவேற்க வேண்டியிருந்தது. அந்த வரிசைக்கு நடுவே தங்கள் பழைய கேப்டன் நடந்து வந்ததை மைதானமே பார்த்தது. அன்று பெனால்டியில் கோலும் போட்டார்.

29 வயதில், கையில் ஒரு லீக் பட்டம்கூட இல்லாத ஒரு ஸ்ட்ரைக்கர் பட்டத்தைத் தேடிப் போனதை நான் பாவம் என்று சொல்லவில்லை. தேடியது முதல் வருடமே கிடைத்தது. அது அவருக்குச் சேரவேண்டியதுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது, தெரிந்தே கொடுத்தார். அவர் கொடுத்துவிட்டுப் போன அந்த இடத்தை நீ பட்டியல் போட்டு இப்போது அவருக்குத் திருப்பித் தருகிறாய்.

அப்படியென்றால் மைக்கேல் தாமஸ் மட்டும் என்ன, அவரும் எதிரணிக்குத்தானே போனார் என்று கேட்பாய். நியாயமான கேள்வி. 1991 டிசம்பரில் லிவர்பூலுக்குப் போனார், 1992 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர்களுக்காகக் கோலும் அடித்தார். எதிரணிக்குப் போனால் பெயரை அடித்துவிடு என்று ஒரு விதி வைத்தால் தாமஸ் பெயரும் போய்விடும். அதனால்தான் இதற்கெல்லாம் விதி போட முடியாது என்கிறேன்.

1989 மே 26-ஐ நீ நேரில் பார்த்திருக்க வழியில்லை. முழு ஆட்டமும் கிடைக்கிறது, தேடிப் பார். கோலை மட்டும் வெட்டி வைத்திருக்கும் துண்டு வீடியோ போதாது. சீசனின் கடைசி ஆட்டம், வெள்ளிக்கிழமை இரவு, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில். லீக் பட்டம் வாங்கி 18 வருடம் ஆன ஆர்சனல், இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் மட்டுமே பட்டம். லிவர்பூல் ஒரே ஒரு கோலில் தோற்றால்கூட பட்டம் அவர்களுக்கு. லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கி இறந்த ஹில்ஸ்பரோ துயரம் நடந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஆர்சனல் ஆட்டக்காரர்கள் பூங்கொத்துகளோடு வந்து கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இடைவேளைக்குப் பின் ஆலன் ஸ்மித் தலையால் முட்டி ஒரு கோல். அப்புறம் தாமஸுக்கே ஒரு வாய்ப்பு வந்தது, கோல்கீப்பர் குரோபலார் கையில் கொடுத்தார்.

தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது. லிவர்பூலின் ஸ்டீவ் மக்மேன் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டித் தன் அணிக்காரர்களை உசுப்பினார். இன்னும் ஒரு நிமிடம்தான் என்று அர்த்தம். கோல்கீப்பர் லூக்கிச் பந்தைக் கையால் டிக்சனுக்கு எறிந்தார். டிக்சன் நீளமாக அடித்தார், ஸ்மித் வாங்கி முன்னே தட்டிவிட்டார், தாமஸ் ஓடிவந்தார். பந்து ஸ்டீவ் நிக்கோல் மேல் பட்டு மறுபடி தாமஸின் காலடிக்கே வந்தது. குரோபலார் பாய்ந்து விழும்வரை பொறுத்திருந்து, அவருக்கு மேலே லேசாகத் தூக்கி உள்ளே தள்ளினார். இரண்டு அணிக்கும் 76 புள்ளி, அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசமும் சமம். அதிகக் கோல் அடித்த அணி என்ற ஒரே காரணத்தால் பட்டம் ஆர்சனலுக்கு.

ஒரு கோலுக்காக ஒருவரை ஜாம்பவான் என்பதா என்று உனக்குத் தோன்றலாம். இந்தக் கோலுக்காகத் தாராளமாகச் சொல்லலாம். ஆர்சனல் ரசிகர்கள் தங்கள் காலத்தையே அந்த இரவுக்கு முன், பின் என்று பிரித்துப் பேசுகிறார்கள். அப்புறம் அவர் யாருக்கு ஆடினாலும் அந்த இரவை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது.

சரி, ரோகாஸிலுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே, ரசிகர்கள் ராக்கி என்று கூப்பிட்ட அவருக்காகத்தான். தெற்கு லண்டனின் பிராக்லியில் வளர்ந்தவர், இயன் ரைட்டும் அதே குடியிருப்புப் பையன். 1987-இல் லீக் கோப்பை அரையிறுதி, ஆர்சனலின் பரம எதிரி டாட்டன்ஹாமுடன், அதாவது ஸ்பர்ஸுடன். இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளையில், ஸ்பர்ஸ் முன்னிலையில் இருந்தபோது, இறுதி ஆட்டத்துக்கு எங்கே டிக்கெட் வாங்கலாம் என்று அவர்கள் மைதான ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆர்சனல் அதைச் சமன் செய்து மூன்றாவது ஆட்டத்துக்கு இழுத்தது. அதுவும் ஸ்பர்ஸ் மைதானத்தில்தான். அங்கேயும் பின்தங்கி, ஒன்றுக்கு ஒன்று என்று ஆகி, கடைசி நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டது 19 வயது ரோகாஸில்.

1991 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்ட் மைதானத்தில் போட்ட கோலையும் பார். எதிராளிகளைத் தாண்டி, தூரத்திலிருந்தே ஷ்மைக்கேல் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பந்து கிராஸ்பாரில் பட்டு உள்ளே இறங்கியது. அவ்வளவு பெரிய கோல்கீப்பர் திரும்பிப் பார்க்கத்தான் முடிந்தது.

அடுத்த கோடையில் அவரை லீட்ஸுக்கு விற்றுவிட்டார்கள். அவருக்குப் போக மனமே இல்லை. முழங்கால் படுத்தியது, அப்புறம் எந்தக் கிளப்பிலும் பழைய ராக்கியைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் மலேசியாவின் சபா அணிவரை போய் ஆடினார். 2001 மார்ச் 31 அன்று, புற்றுநோயால், 33 வயதில் இறந்தார். அன்று ஆர்சனலின் பழைய மைதானம் ஹைபரியில் ஆட்டம், எதிரணி டாட்டன்ஹாம். அந்த இரண்டு ரசிகர் கூட்டமும் சேர்ந்து மௌன அஞ்சலி செலுத்தியது. இன்றும் அவர் பெயரைப் பாடுகிறார்கள், அவர் ஆடியதைப் பார்க்கவே பார்க்காத பிள்ளைகளும் சேர்த்து. நீ யார், எதைச் சேர்ந்தவன், யாருக்காக ஆடுகிறாய் என்பதை மறக்காதே என்று அவர் சொன்னதிலிருந்து எடுத்த வரிதான் எமிரேட்ஸ் வெளிச்சுவரில் 2023-இல் வைத்த ஓவியம் ஒன்றின் தலைப்பு. உன் கணக்கில் ராக்கிக்கு இரண்டு லீக் பட்டம், ஒரு லீக் கோப்பை. பிரெஸுக்கும் இரண்டு லீக் பட்டம், கோல் ராக்கியைவிட அதிகம். அந்த அளவில் ராக்கி தோற்றுத்தான் போவார்.

ஆஷ்லி கோல் பெயரையும் எடுத்துவிடு. ஆர்சனலின் இடதுபக்க டிஃபெண்டர்களில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். சிறுவனாக வந்து அங்கேயே வளர்ந்தவர். வாரத்துக்கு 55,000 பவுண்டுதான் என்று கிளப் சொன்னதைக் கேட்டதும் ஓட்டிக்கொண்டிருந்த கார் சாலையைவிட்டு விலகப் பார்த்தது என்று அவரே எழுதினார். செல்சிக்குப் போனார். அங்கே அவர் வாங்கிய கோப்பைகளை வைத்து, அவர்கள் பட்டியலில் அவரைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

அவர் இடத்தில் சோல் கேம்ப்பெல்லைப் போடு. 2001-இல் ஸ்பர்ஸ் கேப்டனாக இருந்தவர் நேரே ஆர்சனலுக்கு வந்தார். அந்த வசவை இன்றுவரை சுமக்கிறார். மூன்று வருடம் கழித்து, ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அந்தச் சீசனில், ஆர்சனல் லீக் பட்டத்தை உறுதி செய்தது ஸ்பர்ஸ் மைதானத்தில். கேம்ப்பெல் அன்று அங்கே ஆடினார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசி.

நல்லவராக இருந்தால்தான் ஜாம்பவான் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. ஆடம்ஸ் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, கேப்டனாக இருக்கும்போதே சிறைக்குப் போனவர். வெளியே வந்தபோது கேப்டன் பட்டை அவருக்காகக் காத்திருந்தது. குடிநோயை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார், மீண்டார், மற்ற விளையாட்டு வீரர்கள் மீள்வதற்கு ஒரு மையமே தொடங்கினார். 1998-இல் எவர்ட்டனுக்கு எதிராக, பட்டத்தை உறுதி செய்த அந்த ஆட்டத்தின் கடைசி கோலை, சக டிஃபெண்டர் போல்ட் கொடுத்த பாஸில் அவர் அடித்தபோது மைதானம் கொண்டாடியது வெறும் கோலை மட்டுமா?

இன்னொன்று, உன் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. 2007-இல் ஆர்சனல் மகளிர் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பிரிட்டனிலிருந்து அதை வென்ற முதல் அணி. ஸ்வீடனின் உமியோ ஊரில், இஞ்சுரி டைமில், தூரத்திலிருந்து அலெக்ஸ் ஸ்காட் அடித்த கோல்தான் இறுதிச் சுற்றின் இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து விழுந்த ஒரே கோல். அப்புறம் 2025-இல் ஆர்சனலே மறுபடி வெல்லும்வரை வேறெந்த இங்கிலாந்து அணியாலும் அதைத் தொட முடியவில்லை. ஸ்காட்டையும், அந்தத் தலைமுறையின் பெரிய ஆட்டக்காரி கெல்லி ஸ்மித்தையும் சேர்க்காமல் கிளப்பின் ஜாம்பவான்கள் என்று தலைப்பு வைக்காதே. பத்துக்கு மேல் போகுமே என்றால் போகட்டும், பத்து என்று யார் சொன்னது?

வான் பெர்சி, ஆஷ்லி கோல் இருவரையும் எடுத்துவிட்டு, ராக்கி, தாமஸ், கேம்ப்பெல், ஸ்காட், ஸ்மித் ஐவரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பு. மாட்டேன் என்றால் காரணம் எழுது. கோல் எண்ணிக்கையை மட்டும் காரணமாகச் சொல்லாதே. பிரேடியை நீ ஏழாவது இடத்துக்குத் தள்ளி வைத்ததற்கு உன்னிடம் தனியாக ஒரு சண்டை இருக்கிறது. அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்