தராசையும் அரிவாள்மனையையும் திருப்பித் தாருங்கள்

சாலையோரக் கடைகளை அகற்றும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடைகளை அகற்றியபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். அதனால் முழுவதையும் விவரிக்கப் போவதில்லை. உங்கள் லாரியில் ஏற்றப்பட்ட ஒரே ஒரு அன்னக்கூடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அது அறுபதைக் கடந்த ஒரு மீன்கார அம்மாவுடையது. விடிவதற்கு முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் நின்று, சங்கராவும் நெத்திலியும் எடுத்து வந்திருந்தார். கையில் இருந்தது தண்டல் பணம். ஆயிரம் என்று எழுதிக்கொண்டு தொள்ளாயிரம்தான் தருவார்கள். நாளுக்கு நூறாகப் பத்து நாளில் அடைக்க வேண்டும். கூறு கட்டி வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. மீன், ஐஸ் பெட்டி, தராசு, அரிவாள்மனை எல்லாமே லாரிக்குள் போய்விட்டன. பின்னாலேயே ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு ஓடியவரை, மேலதிகாரி வரட்டும் என்று வாசலில் நிறுத்தினார்கள். மாலையில், நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுநாள் நாறிப்போன மீனை அவர் கையாலேயே அள்ளிக் கொட்ட வைத்தார்கள். தராசும் அரிவாள்மனையும் இன்னும் வரவில்லை. தண்டல்காரர் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறார்.

தயவுசெய்து அந்தப் பொருள்களைத் திருப்பித் தாருங்கள். இது சலுகை அல்ல. தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் வந்த சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம். கைப்பற்றிய பொருள்களுக்குக் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். உரியவர் கேட்டு வந்தால், அழுகும் பொருளை அன்றைக்கே தர வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு வேலை நாள் கெடு. கட்டணம் உண்டென்றால் அந்த அம்மா கட்டத் தயார். தெருவோர வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்கள் தெருவுக்குக் கணக்கெடுப்பவர் யாரும் இதுவரை வரவில்லை. லாரிதான் வந்தது.

அந்த முனை உங்கள் கோப்பில் ஆக்கிரமிப்பு. எங்களுக்கு அங்கேதான் ஊர் கூடுகிறது. எந்த வீட்டில் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியவில்லை என்பது முதலில் தெரிவது அந்தக் கூடைகளுக்கு முன்னால்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளிலும் கருவாட்டை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். கையில் காசில்லாத வீட்டுக்கும் கடனாகக் கொடுப்பார்கள். வியாசர்பாடிப் பக்கம் வந்தால், பர்மாவிலிருந்து உடைமைகளை விட்டுவந்த குடும்பங்கள் தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்று நிமிர்ந்த கதையைக் கேட்கலாம். 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்குப் பின்னாலும் கடைக்காரர்கள் இருந்தார்கள். பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் சிறு வியாபாரிகள்தாம். வடசென்னையில் கடை என்பது வெறும் கடையாக இருந்ததே இல்லை.

நகரத்தின் குப்பையைக் கொடுங்கையூரில் கொட்டினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அவற்றை அகற்றுங்கள் என்று கேட்டால் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். ஒரு மீன்கூடையை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போக அரை மணி நேரம்கூட ஏன் பொறுக்க முடியவில்லை? நடைபாதையில் நடக்க இடம் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. கோடு போட்டுக் கொடுங்கள், அதற்குள் உட்கார்வார்கள். உட்கார்ந்து பேசியிருந்தால் இதை அவர்களே சொல்லியிருப்பார்கள். தெருவோர வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்குக் குறைந்தது 40 சதவீத இடம் என்று சட்டம் வைத்திருப்பது அந்தப் பேச்சுக்காகத்தானே?

குப்பையும் சாம்பலும் உங்கள் பிரிவின் வேலை அல்ல என்பது தெரியும். உங்கள் கையில் இருப்பதையே மறுபடியும் கேட்கிறேன். தராசையும் அரிவாள்மனையையும் ஐஸ் பெட்டியையும் இந்த வாரத்துக்குள் திருப்பித் தாருங்கள். கணக்கெடுப்பு முடியும்வரை எங்கள் தெருவுக்கு லாரியை அனுப்பாதீர்கள். அங்கே உட்காரும் ஒவ்வொருவரின் பெயரையும், எத்தனை ஆண்டாக விற்கிறார் என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம். கணக்கெடுக்க யாரை, எந்த நாளில் அனுப்புவீர்கள் என்று எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடன் ஒத்துழைப்போம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைவாசி