அப்பா பெயரில் ஓர் உதவித்தொகை

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், உன் முழங்கால் வலி கொஞ்சம் அடங்கியதும் படித்து எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இங்கே ஒரு குறையும் இல்லை, வெயிலைத் தவிர. ஏற்காட்டுக்குப் போய் இளைப்பாறலாம் என்றால், சனி ஞாயிறு கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் கார் நிற்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அப்பா பெயரில் ஐந்து லட்சம் வங்கியில் போட்டு, வட்டியை வருஷா வருஷம் கலை படிக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு விழா வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பணம் கொடு. விழா வேண்டாம், பத்துப் பேரும் வேண்டாம்.

ஏழு சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 35,000 வரும். பத்தாகப் பிரித்தால் ஆளுக்கு 3,500. மண்டப வாடகை, ஷீல்டு, பொன்னாடை, காபி டிபன் எல்லாம் கழித்தால் அதுவும் தேறாது. அதையே இரண்டு பேருக்குக் கொடுத்தால் மாதம் 1,450 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயே வரும். அந்தத் தொகைக்கு இங்கே ஒரு வீட்டில் மதிப்பு உண்டு.

யாருக்கு என்பதுதான் யோசிக்க வேண்டியது. மத்திய அரசின் கலாசாரப் பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. 1982லிருந்து கலை பயிலும் சிறுவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. 10லிருந்து 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வருஷத்துக்கு 3,600 ரூபாய், அதாவது மாதம் 300. குருவுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். பரம்பரைக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. தேர்வானவர்களுக்கு 20 வயது வரை புதுப்பித்துக்கொண்டே போவார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். இன்னொன்று இளம் கலைஞர்களுக்கானது. 18லிருந்து 25 வயதுக்குள், மாதம் 5,000 வீதம் இரண்டு வருஷம், நாடு முழுக்க 400 பேருக்கு. குருவிடம் ஐந்து வருஷமாவது படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனால், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் வருகிறது.

நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்தாயா? 14 வயதுக்குள் விண்ணப்பம் போடாத பிள்ளை 18 வரை சும்மா நிற்க வேண்டியதுதான். நம் பக்கம் எந்த அப்பா அம்மாவுக்கு அந்த விண்ணப்பம் பற்றித் தெரியும்? பையன் கையில் வெள்ளிப் பட்டறை வேலையோ தறியோ வந்து உட்காருவதும் அந்த வயதில்தான். வாரச் சம்பளத்தோடு வீட்டுக்கு வருகிறவனிடம் போய், மிருதங்க வாசிப்பை விடாதே என்று யார் சொல்வது? ட்ராயிங் மாஸ்டராக நான் இழந்த நல்ல கைகளெல்லாம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் போனவைதான். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தவன் எப்படியோ தப்பித்துவிடுகிறான்.

அரசு இசைப்பள்ளியில் 12 வயதிலேயே சேரலாம். குரலிசை, நாதசுரம், தவில், மிருதங்கம், பரதம் என்று மூன்று வருஷப் படிப்பு. கட்டணம் பெயருக்குத்தான். செலவெல்லாம் அதற்கு வெளியே. உன் அப்பா கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிருதங்கம் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள ஊரில் ஆள் இருக்கிறது. வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், கிழிந்தால் அந்த மூட்டை மாற்றக் காசு கொடுக்க ஆள் இல்லை. மாற்ற முடியாமல் பரண் மேல் ஏறின மிருதங்கம் எத்தனையோ. அதேபோல ஏற்காடு மலை மேல் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பரதம் கற்றுக்கொள்ளத் தினமும் கீழே இறங்கி வர வேண்டுமென்றால், பஸ்ஸைப் பிடிப்பதும் இருட்டுக்குள் வீடு போய்ச் சேர்வதும்தான் அவளுக்குப் பெரிய பாடம். அவளுக்கு ஷீல்டு எதற்கு?

ஆகவே என் யோசனை இது. 15லிருந்து 18 வயதுக்குள் இரண்டு பேர். ஒருவர் கண்டிப்பாகக் கூத்துக் குழுவிலிருந்து. மூன்று வருஷமும் அதே இரண்டு பேருக்கு, மாதாமாதம் வங்கிக் கணக்கிலேயே. எதற்குச் செலவு செய்தாய் என்று ரசீது கேட்காதே. அரிசி வாங்கினாலும் வாங்கட்டும். மார்க்கும் கேட்காதே. இங்கே ஒரு அறக்கட்டளை ஓவியம் படிக்கிறவனுக்கு உதவித்தொகை கொடுக்கக் கணக்குப் பாடத்து மார்க் கேட்டது! விடிய விடியக் கூத்தாடிவிட்டுக் காலையில் பள்ளிக்கூடம் வருகிறவனிடம் போய் 80 சதவீதம் கேட்டால் எங்கிருந்து கொண்டு வருவான்? சொல்லிக் கொடுக்கிற வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டாலே போதும், யார் நிலைப்பான் என்று அவருக்குத் தெரியும்.

நேராகப் பிள்ளை கணக்கில் போட்டால் உனக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. நீ புதிய வரிமுறைக்கு மாறியிருந்தால் அந்தக் கழிவே கிடையாது, அதனால் நஷ்டமில்லை. உன் ஆடிட்டரை ஒரு தடவை கேட்டுக்கொள்.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு நீ வரத்தானே போகிறாய். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. கூத்து வாத்தியார் இரண்டு பேரை நான் பேசி வைக்கிறேன், நேரில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். அப்பாவின் படம் ஒன்று, மிருதங்கத்தோடு இருப்பது, கிடைத்தால் எடுத்துக்கொண்டு வா. கூத்திலிருந்து எடுக்கும் பிள்ளையிடம் ஒரு பிரதி கொடுக்கலாம், யார் காசு என்று தெரிந்துகொள்ளட்டும்.

உன்,
ராசு